ஏழை வீட்டுப் பெண்கள் மட்டும்தான் சிறு வயதில் கருத்தரிக்கிறார்களா?

கேள்வி கேட்டவர் தம் அண்ணியின் பிரசவத்துக்காக ஓர் அரசு மருத்துவமனையில் நான்கு நாட்கள் துணைக்கு இருந்ததாகவும், அந்த வார்டில் பள்ளிச் சீருடை போட்டால் பொருந்தக்கூடிய வயதில் மூன்று பெண்களைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். "மூவருமே கூலி வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள். வசதியான வீடுகளில் இப்படி நடப்பதாகத் தெரியவில்லையே, வளர்ப்பில் கண்டிப்பு இல்லாததா, செல்போனா, அறியாமையா?" என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். வளரிளம் பருவத்தில் கருத்தரிப்பது உண்மையிலேயே ஏழைப் பெண்களிடம் அதிகமா என்பது ஒன்று. அதிகம் என்றால், அதற்குக் காரணம் அவர்கள் நடந்துகொள்ளும் விதமா, அவர்கள் வாழும் சூழலா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவதற்கு விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் மகப்பேறு மருத்துவர். அரசுப் பணியில் இருபத்திரண்டு ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. அதில் பெரும்பகுதி தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களில், மலைக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்து சேரும் மருத்துவமனைகளில் கழிந்தது. ஆகவே என்னிடம் வந்தவர்களைப் பற்றித்தான் நேரடியாகச் சொல்ல முடியும். தனியார் மருத்துவமனைகளின் கதவுகளுக்குப் பின்னால் நடப்பதை, அங்கே பணிபுரியும் நண்பர்கள் சொல்லும் அளவுக்குத்தான் அறிவேன். பையன்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இன்னும் குறைவு. அவர்கள் என் ஓ.பி.க்கு வருவதில்லை.

எண்களிலிருந்து தொடங்குகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 6.8 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். பள்ளிக்கே போகாத பெண்களை மட்டும் தனியாக எடுத்தால் அந்த அளவு சுமார் 18 விழுக்காடு. பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களிடம் சுமார் 4 விழுக்காடு. வீட்டு வசதியை வைத்து மக்களை ஐந்து அடுக்காகப் பிரித்தால், அடித்தட்டில் சுமார் 10 விழுக்காடு, மேல்தட்டில் சுமார் 2 விழுக்காடு. ஒரே நாட்டில், ஒரே வயதில், ஐந்து மடங்கு வேறுபாடு. நீங்கள் வார்டில் பார்த்தது தற்செயலான காட்சி அல்ல.

தமிழ்நாட்டு எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். 18 வயதுக்கு முன் திருமணமான பெண்களின் விகிதம் இங்கே முந்தைய ஆய்வில் 16.3 ஆக இருந்து 12.8 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் 15 முதல் 19 வயதில் தாயாகியோ கர்ப்பமாகவோ இருந்தவர்கள் 5.0 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆக உயர்ந்தார்கள். "கல்யாணம் குறைந்து கர்ப்பம் கூடிவிட்டது, காலம் கெட்டுவிட்டது" என்று இதை வைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப் படிப்பது தவறு. முதல் எண், ஆய்வின்போது 20 முதல் 24 வயதில் இருந்தவர்கள் பழைய நாட்களை நினைவுகூர்ந்து சொன்னது. இரண்டாவது எண், ஆய்வு நடந்த நேரத்தில் 15 முதல் 19 வயதில் இருந்த வேறு பெண்களைப் பற்றியது. அந்த 6.3 விழுக்காட்டுக்குள் 18, 19 வயதில் சட்டப்படி மணம் முடித்தவர்களும் அடக்கம். ஆகவே கூடுதல் உண்மையானதா, அதில் எவ்வளவு கணக்கெடுப்பின் ஏற்ற இறக்கம் என்பதை இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. தென்னிந்தியாவில் முன்னேறிய மாநிலம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் இடத்தில், இந்த ஒரு விஷயத்தில் தேசிய சராசரிக்கு வெகு அருகில் நிற்கிறோம் என்பது மட்டும் உறுதி.

செல்போனைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் இதே ஆய்வுகளில் பதில் இருக்கிறது. 2005-06-இல், கிராமத்துப் பெண்பிள்ளைகளின் கையில் தொடுதிரை போன் என்பதே இல்லாத நாளில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 16 விழுக்காட்டினர் தாயாகியோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். 20 முதல் 24 வயதுப் பெண்களில் 47.4 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டிருந்தார்கள். போன் வீடு வீடாகப் பரவிய ஆண்டுகளில் இந்த இரண்டும் பாதிக்கும் கீழே இறங்கின. போனால் தீங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை; மிரட்டிப் படம் எடுக்கப்பட்ட பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆனால் ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையிலான ஐந்து மடங்கு இடைவெளியைப் போன் விளக்காது, ஏனென்றால் போன் இருவர் கையிலும்தான் இருக்கிறது.

அடுத்து, எண்களில் வராத பகுதி. இந்த ஆய்வுக்கு வருபவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெரியவர்கள் காதில் விழும் தூரத்தில் கேட்கும்போது, மணமாகாத பெண் எவளும் தன் கருக்கலைப்பைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. பிரசவத்தில் முடிந்த கர்ப்பம் மறைக்க முடியாதது. ஏழாவது வாரத்தில் சத்தமில்லாமல் முடிந்தது யார் கணக்கிலும் ஏறாது. சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளப் பணம், போக்குவரத்து, தெரிந்த மருத்துவர், அம்மாவுக்கு ஒரு நாள் விடுப்பு எல்லாம் வேண்டும். ஆகவே பிரசவ வார்டில் தெரிவது நடத்தையின் வேறுபாடு என்று எடுத்துக்கொள்வதற்கு முன், மறைத்துக்கொள்ள முடிந்தவர்களும் முடியாதவர்களும் என்ற வேறுபாட்டைக் கழித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை. ஆனால் இந்தியாவில் சிறு வயதுக் கர்ப்பங்களில் பெரும்பாலானவை திருமணத்துக்குள் நிகழ்பவை, பெற்றோர் பார்த்து முடித்த சிறு வயதுத் திருமணத்தின் விளைவு. ஆகவே "கண்டிப்பு இல்லாத வளர்ப்பு" என்ற விளக்கம் தொடக்கத்திலேயே இடறுகிறது. பெற்றோரின் கண்டிப்பால்தான் அந்தப் பெண்களில் பலர் பதினாறு வயதில் தாலியோடு வந்து நிற்கிறார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது பதினாறு. அம்மா பூந்தோட்டத்தில் பூப்பறிக்கும் கூலி. "ரெண்டு மாசமா வயித்து வலிங்க டாக்டரம்மா, வாயுவா இருக்கும்" என்று சொல்லித்தான் அழைத்து வந்தார். பெண் துப்பட்டாவை வயிற்றின் மேல் இரண்டாக மடித்துப் பிடித்திருந்தாள். கடைசியாக எப்போது தூரம் வந்தது என்று கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார்: "அவளுக்கு எப்பவும் அப்படித்தாங்க, ரெண்டு மாசம் வராது, மூணு மாசம் வராது." அது பொய்யில்லை. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. ரத்தசோகையும் அரைவயிற்றுச் சாப்பாடும் சேர்ந்தால் இன்னும் தாறுமாறாகும். ஆகவே நாள் தள்ளிப்போனது ஓர் எச்சரிக்கையாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இடையில் ஒரு மருந்துக்கடையில் "தூரம் வர்ற மாத்திரை" கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்த, பெயர் அச்சில்லாத இரண்டு துண்டு அட்டையை அம்மா சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஸ்கேனில் இருபத்து மூன்று வாரம். பெண் அழவில்லை. "ஸ்கூல்ல சொல்லுவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

இருபத்து மூன்று என்ற அந்த எண்ணில்தான் சமத்துவமின்மை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கருக்கலைப்பைப் பொறுத்தவரை வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே பெரிய வேறுபாடு நேரம்தான். மாத்திரையால் முடிக்கக்கூடியது ஒன்பது வாரம் வரை. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பின், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் போன்ற சில பிரிவினருக்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால், கருவில் கடுமையான குறைபாடு இருந்தாலன்றி மருத்துவக் குழுவின் வழி இல்லை. உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும். எல்லாக் கட்டத்திலும் 18-க்குக் குறைந்த பெண்ணுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருத்தியின் அம்மா நாள் தள்ளிய பத்தாம் நாளில் சோதனை அட்டை வாங்கிவருகிறார். மற்றொருத்தியின் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வருவதற்குள் ஐந்து மாதம் ஆகிவிடுகிறது. ஆறாம் வாரத்தில் வந்தால் எளிய சிகிச்சை, இருபத்து மூன்றாம் வாரத்தில் வந்தால் மருத்துவமனைச் சேர்க்கை, ரத்தம் ஏற்றுதல், காவல் நிலையம், டி.என்.ஏ. மாதிரி, குழந்தைகள் நலக் குழு. இருபத்தைந்தில் வந்தால் பெரும்பாலும் பிரசவம்தான்.

காவல் நிலையம் இங்கே எப்படி வருகிறது என்று சிலர் கேட்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தை. அவருடைய சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 18-க்குட்பட்ட மனைவியுடனான உறவும் வன்புணர்வுதான். இந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாக அறியும் எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை விதிக்க முடியும். ஆகவே பதினாறு வயதுக் கர்ப்பிணி என் முன் உட்கார்ந்த அந்த நிமிடமே எனக்கு ஒரு கடமை பிறந்துவிடுகிறது. குழந்தைகளைச் சிதைப்பவர்களைத் தப்பவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட பிரிவு அது. அதன் தேவையை நான் மறுக்கவே மாட்டேன். பதினான்கு வயதுப் பெண்ணைக் கருவுறச் செய்தது சித்தப்பா என்று தெரிந்த நாளில், அந்தப் பிரிவு இருந்ததற்காக நன்றியோடு இருந்திருக்கிறேன்.

ஆனால் அதே பிரிவு, பதினேழு வயதுப் பெண்ணையும் பத்தொன்பது வயதுப் பையனையும் காதல் சேர்த்த இடத்திலும் அப்படியே பாய்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்காகப் பணியாற்றும், பெங்களூரைச் சேர்ந்த என்ஃபோல்ட் அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை போக்சோ நீதிமன்றங்கள் வழங்கிய 7,064 தீர்ப்புகளைப் படித்து, அவற்றில் 24.3 விழுக்காடு காதல் உறவு சார்ந்தவை என்று கண்டது. அவற்றில் சுமார் 80 விழுக்காட்டு வழக்குகளைக் கொடுத்தவர்கள் பெண்ணின் பெற்றோரும் உறவினரும். அந்தக் காதல் வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் விடுதலையில் முடிந்தன, ஆனால் அதற்குள் பையன் சிறையிலும் பெண் காப்பகத்திலும் தம் இளமையின் சில ஆண்டுகளைக் கழித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் நான் பார்த்தவரை, புகார் கொடுக்கப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சாதி. பையன் சொந்தத்திலோ சொந்தச் சாதியிலோ இருந்தால் கோயிலில் கமுக்கமாகத் தாலி கட்டிவைத்துவிடுவார்கள். கீழே வைத்துப் பார்க்கப்படும் சாதியாக இருந்தால் அன்றே புகார் ஏறும். இது என் அனுபவத்திலிருந்து எழுந்த கணிப்பு, அளந்து சொன்ன கணக்கு அல்ல.

நீதிமன்றங்களே இதில் ஒரே கருத்தில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2019-இல் நீதிபதி பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் இசைவான உறவைச் சட்டம் வேறாகப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படியொரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கம் அல்ல என்றார். 2023-இல் சட்ட ஆணையம் வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரையுள்ள வழக்குகளில் தண்டனையை நீதிமன்றமே, வகுக்கப்பட்ட நெறிகளுக்கு உட்பட்டு, வழக்குக்கு ஏற்ப முடிவுசெய்யட்டும் என்றது. வயதைக் குறைத்தால் சிறு வயதுத் திருமணத்துக்கும் கடத்தலுக்கும் வாசல் திறக்கும் என்பவர்களின் அச்சம் பொய்யல்ல, "காதல்" என்று எழுதப்படும் சில வழக்குகளில் பையனின் வயது இருபத்தெட்டாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இருந்தும், வயது நெருக்கமான இருவர் விஷயத்தில் மருத்துவரின் மேசையைக் காவல் நிலையத்தின் முன்வாசல் ஆக்குவது, பெண்ணை மருத்துவரிடமிருந்தே விரட்டுகிறது என்பதே என் தீர்மானமான கருத்து.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நல்ல வழி காட்டியது. இசைவான உறவால் கருவுற்ற சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் போலீசுக்குத் தகவல் தரும்போது அவளுடைய பெயரையும் அடையாள விவரங்களையும் வெளியிட வேண்டியதில்லை. இந்த ஒரு வரி எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? பல மருத்துவர்களுக்கே தெரியாது. தெரிந்தவர்களிலும், பின்னால் ஏதாவது வழக்கு வந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பெயரோடு அனுப்பிவிடுபவர்கள் உண்டு. வசதியுள்ள குடும்பம் இந்த வரியை வழக்கறிஞர் வாயிலாகத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் வற்புறுத்திக் கேட்கிறது. பூப்பறிக்கும் அம்மாவுக்கு யார் சொல்வது?

அந்தத் தீர்ப்பு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைப் பரிசோதித்தபின், அவளிடமோ அவள் அம்மாவிடமோ எதுவும் விளக்காமல், நடைமுறைப்படி காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பச் சொல்லிவிட்டு அறுவை அரங்குக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. வெளியே சீருடையைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். எட்டு நாள் கழித்து, வேறொரு இடத்தில் யாரோ செய்த கருக்கலைப்பால் சீழ் பிடித்து, நாடித்துடிப்பு நூற்று நாற்பதில் அவளை ஆம்புலன்ஸ் கொண்டுவந்தது. பிழைத்துக்கொண்டாள், கருப்பையை எடுக்க வேண்டியிருந்தது. தகவல் கொடுப்பதைத் தவிர்த்திருக்க முடியாது. முதலில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அன்றிலிருந்து அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டதில்லை.

அரசின் நல்ல ஏற்பாடுகளே சில வேளை இந்தப் பெண்களை விலக்கிவைக்கின்றன. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கினால்தான் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்காது. எல்லாத் தாய்மாரையும் கண்காணிக்க உதவும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் ஆதாரில் பிறந்த தேதி இருக்கும். 18 ஆகவில்லை என்றால் கேள்வி வரும். அதனால் ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் வரை பதிவே செய்யாமல் பெண்ணை வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்து வைக்கிறார்கள். சீக்கிரமே பரிசோதனையும் இரும்புச்சத்தும் தேவைப்படும் பெண்ணுக்குத்தான் அவை எல்லோரையும்விடத் தாமதமாகக் கிடைக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் 19 வயது நிறைந்திருக்க வேண்டும். சிறு வயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் அந்த விதியால் திருமணத்தை நிறுத்திய ஒரு தகப்பனையும் நான் கண்டதில்லை. அந்தத் திட்டத்தில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டி இல்லாமல் போன பெண்களைக் கண்டிருக்கிறேன்.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15 வயதுக்குக் கீழே கருத்தரிப்பது உடலளவிலேயே ஆபத்து. அதில் விவாதம் இல்லை. பேறுகால வலிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவை வளரிளம் தாய்மாரிடம் அதிகம் என்பதும் உறுதி. ஆனால் 18, 19 வயதில் இந்த ஆபத்துகளில் எவ்வளவு வயதினால், எவ்வளவு வறுமையினால் என்பதைப் பிரிப்பது கடினம். நல்ல உணவும் சரியான கண்காணிப்பும் கிடைத்த பத்தொன்பது வயதுப் பெண்களிடம் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுவதைப் பார்க்கிறோம். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31.1 விழுக்காடு. கருத்தரிப்பதற்கு முன்பே அந்த உடல் கடன்பட்டிருக்கிறது.

அறியாமை பற்றிக் கேட்டீர்கள். அறியாமை உண்டு, ஆனால் அது எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நம் பாடத்திட்டத்தில் கருத்தடையை விரிவாகப் பேசும் "இனப்பெருக்க நலன்" பாடம் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள், பத்தாவதில் தவறியவள், வணிகவியல் பிரிவு எடுத்தவள் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டப்போவதில்லை. யாருக்கு முதலில் தேவைப்படுமோ அவர்கள் வகுப்பறையை விட்டு வெளியேறிய பிறகுதான் பாடம் தொடங்குகிறது. பாலியல் கல்வி கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தைப் பல நாடுகளில் செய்த ஆய்வுகள் தெளிவாக மறுத்திருக்கின்றன, அது உறவைத் தொடங்கும் வயதை முன்தள்ளுவதில்லை. மணமான இளம் பெண்களுக்கும் இதே கதைதான். இந்தியாவில் குழந்தையைத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ விரும்பியும் கருத்தடை எதுவும் பயன்படுத்தாத மணமான பெண்கள் மொத்தத்தில் 9.4 விழுக்காடு என்றால், 15 முதல் 19 வயதில் ஏறக்குறைய 18 விழுக்காடு. கல்யாணமான மறுமாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் வீட்டில் பதினேழு வயது மருமகள் ஆணுறையைப் பற்றி யாரிடம் பேசுவாள்? அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம். ஆனாலும் நம் மாநிலத்தில் பெரும்பாலான மருந்துக்கடைகளில் "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். வசதியுள்ளவர்கள் பெங்களூரிலிருந்து வரவழைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் வலுவான தடுப்பு எது என்று கேட்டால், பள்ளிக்கூடம் என்று சொல்வேன். படிப்பு திருமணத்தைத் தள்ளிப்போடுகிறதா, திருமணம் தள்ளிப்போகும் வீடுகளில்தான் படிக்கவைக்கிறார்களா என்று ஆய்வாளர்கள் விவாதிப்பார்கள், இரண்டுமே உண்மை. மலைக் கிராமத்தில் அது பாதையாகவே கண்ணில் படுகிறது. எட்டாவது வரை ஊரில் பள்ளி. அதற்கு மேல் படிக்க ஆறு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடந்து பேருந்து பிடிக்க வேண்டும். "வயசுக்கு வந்த புள்ளைய அனுப்பிட்டு, அது வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அடுத்த மாதமே தன் தம்பிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். அவருக்கு மகள் மேல் அன்பில்லை என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். அவர் கையில் இருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அதுதான். விடுதியோ, பெண்கள் மட்டும் ஏறும் ஒரு வண்டியோ இருந்திருந்தால் அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் இருந்திருப்பாள். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது மகிழ்ந்தேன். ஆனால் அது மேற்படிப்பின் வாசலை எட்டியவர்களுக்கு. எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவே உதிர்பவர்கள் அதன் கைக்கு எட்டுவதில்லை.

நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்கள், மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகள், திருநங்கையாகத் தம்மை உணரத் தொடங்கும் சிறார்கள் ஆகியோர் இந்த வரிசையில் இன்னும் பின்னால் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி அதிகாரத்தோடு எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு.

கேட்டவருக்குக் கடைசியாக, நடைமுறையில் உதவக்கூடிய சில செய்திகள். உங்கள் தெருவிலோ உறவிலோ ஒரு பெண் உங்களிடம் வந்து நின்றால், முதலில் நாளைக் கேளுங்கள். யார், ஏன், எப்படி என்பதெல்லாம் பிறகு. நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தாலே சிறுநீர்ச் சோதனையில் தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். மருந்துக்கடை மாத்திரை வேண்டாம். கட்டாயப்படுத்தப்பட்டாள் என்ற ஐயம் துளி இருந்தாலும் 1098-ஐ அழையுங்கள். சட்டப்படி தகவல் தரும் கடமை உங்களுக்கும் உண்டு என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இசைவான உறவு என்றால், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கும் உரிமை அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் உண்டு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள், மருத்துவருக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் தாள் பேசும். துப்பட்டாவை மடித்துப் பிடித்திருந்த அந்தப் பெண்ணுக்கு இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட்டு, இருபத்து நான்கு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சிகிச்சை முடிந்தது. பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. மறு ஆண்டு ஜூனில், ரத்தசோகைக்கு மாத்திரை வாங்க வந்தபோது, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று என்னைக் கேட்டாள்.